எல்லைக்கல்லும் எட்டு நாட்களும்

எல்லைக்கல்லைப் பிடுங்கி எறிந்தாலும் அதற்கு அடியில் புதைத்த கரி அங்கேயே கிடக்கும் என்பது கொம்போடைப் பள்ளத்தாக்கில் ஹால்வர் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. அந்தக் கரியைப் புதைத்தவனே அவன்தான்.

மொன்டானா அப்போது இன்னும் மாநிலமாகவில்லை. 1878-ம் வருஷக் கோடையில் அரசாங்க அளவைக்காரர்கள் அந்தப் பள்ளத்தாக்கைச் சதுரம் சதுரமாகப் பிரித்தபோது, அளவைச் சங்கிலியின் பின்முனையைப் பிடித்து நடந்தவன் ஹால்வர். நார்வேயின் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நெட்டையான ஆள், எப்போதும் தோலுரிந்த மூக்கு, பேச்சு குறைவு. ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒரு படி கரியைக் கொட்டி, அதன்மேல் கல்லை நடுவது அவன் வேலை. மரமே இல்லாத புல்வெளியில் கல் நகர்ந்துவிட்டாலும் கரி மக்காது, இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு.

அளந்துகொண்டு போகும்போதே ஓர் இடம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. மேற்குக் குன்றின் அடியில் ஓர் ஊற்று. ஆகஸ்டில் ஓடை வெடித்துக் கிடக்கும்போதும் அது பொங்கும், ஜனவரியில் உறையாது. அன்று மத்தியானமே அந்தக் கரையில் உட்கார்ந்து தோராவுக்குக் கடிதம் எழுதினான்: “நமக்கு இடம் கிடைத்துவிட்டது.”

தோரா அவனுடைய ஊர்க்காரி. “ரெண்டே வருஷம், கூப்பிட்டுக்கிறேன்” என்று படகுத்துறையில் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவள் அப்பா படுத்த படுக்கையானார். இன்றோ நாளையோ என்றிருந்தவர் எழுந்திருக்கவும் இல்லை, போகவும் இல்லை. ஒரே மகள் அவரை விட்டுவிட்டு வர முடியுமா? இரண்டு வருஷம் எட்டு வருஷமாயிற்று.

அந்த எட்டு வருஷத்தில் ஹால்வர் ஊற்றுக்குப் பக்கத்தில் அரசாங்க நிலத்தைத் தன் பெயரில் பதிந்தான், நாற்பது மாடு சேர்த்தான், வெளியூரிலிருந்து பலகை வரவழைத்து ஒரு வீடு கட்டினான். ஊரில் அவள் வீட்டு ஜன்னல் கடலைப் பார்த்து இருக்கும். இங்கே கடலுக்கு எங்கே போவது? காற்றடித்தால் புல் அலை அலையாய்ச் சாயும் பக்கமாக ஜன்னலை வைத்தான். அதற்கு ஒரு நீலத் திரை தைத்துப் போட்டான். தாய்மொழி மறந்துவிடக் கூடாதென்று மாடுகளோடு நார்வே மொழியில் பேசினான்.

ஊற்றைச் சுற்றி மொத்தம் ஆறு குடும்பங்கள். பக்கத்துப் பண்ணைக்காரி பெக், அயர்லாந்துக்காரி, மூன்று பெண் குழந்தைகளோடு விதவையானவள், அவனைச் சீண்டாமல் ஒரு நாளும் விடமாட்டாள்.

“ஏய்யா, சுத்துவட்டாரத்துல மனுஷ வாசனையே கிடையாது. ஜன்னலுக்குத் திரை எதுக்கு? மாடு எட்டிப் பாத்துருமோ?”

“தோரா வந்தா வேணும்ல, பெக் அக்கா.”

“வர்றதுக்குள்ள திரை நைஞ்சுரும் போ.”

நைந்துதான் போனது. வேறு தைத்துப் போட்டான்.

மேஜர் டன்ஸ்டன் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது 1882-ல். ஒன்பதாயிரம் மாடுகள், வண்டி வண்டியாய் முள்கம்பி, முப்பது சவாரிக்காரர்கள். மேய்ச்சல் வெளியில் பாதியை ஒரே கோடையில் கம்பி போட்டு வளைத்தார். மீதியைத் தன் ஆட்களின் பெயரில் பதியச் சொன்னார். பதிந்த நிலத்தில் வீடு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காகச் சக்கரம் வைத்த ஒரே ஒரு குடிசையை ஒவ்வொரு நிலத்துக்கும் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, ‘வீடு இருக்கிறது’ என்று சத்தியம் செய்தார்கள். எல்லாம் கிடைத்தது, ஊற்று மட்டும் கிடைக்கவில்லை. தண்ணீர் இல்லாமல் ஒன்பதாயிரம் மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1884 வசந்தத்தில் ஆறு குடும்பங்களுக்கும் நோட்டீஸ் வந்தது. அவர்கள் குடியிருப்பது மேஜரின் நிலமாம். அவர்களுடைய நிலம் அரை மைல் கிழக்கே, கள்ளி முளைத்த மேட்டில் இருக்கிறதாம். போய்ப் பார்த்தால் உண்மையாகவே எல்லைக்கற்கள் அந்த மேட்டில் நின்றுகொண்டிருந்தன. பழைய இடத்தில் குழி இருந்த சுவடுகூட இல்லாமல் புல்கட்டியை வெட்டி மூடியிருந்தார்கள்.

பெக்கின் சமையலறையில் எல்லோரும் கூடினார்கள். டெக்சாஸிலிருந்து மாடு ஓட்டிக்கொண்டு வந்து அங்கேயே தங்கிவிட்ட ஆப்னர், வண்டியைக் கட்ட வேண்டியதுதான் என்றார். “காகிதம் அவன் கையில, கல்லும் அவன் கையில. நம்ம கையில என்ன இருக்கு? துப்பாக்கிதான். அதை எடுத்தோம்னா மறுநாளே நம்மளைத் தூக்குல போடுவாங்க.”

மூலையில் உட்கார்ந்திருந்த ஹால்வர் தொண்டையைச் செருமினான். அவன் பேசப்போகிறான் என்பதே அங்கே ஒரு செய்தி.

“கல்லுக்குக் கீழ கரி இருக்கு. அவங்களுக்கு அது தெரியாது.”

குன்றுப் பாறையில் அளவைக்காரர்கள் வெட்டிய சிலுவைக் குறியிலிருந்து கயிறு பிடித்து மூன்று நாள் அளந்தான். தேறிய இடத்தில் மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கி இறக்கி எடுத்தான். நான்காம் நாள் காலையில் கம்பியின் நுனி கறுப்பாக வந்தது. பெக் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “எம் மூணு புள்ளைங்களோட அப்பன் செத்தப்பகூட நான் இப்படி அழுகல” என்று மூக்கைச் சிந்தினாள்.

தோண்டக் கூடாது, அரசாங்க அதிகாரி வந்து தன் கண் முன்னால் தோண்ட வேண்டும், அப்போதுதான் செல்லும். ஹால்வர் நில அலுவலகத்துக்கு எழுதினான். செப்டம்பர் பின்பாதியில் அதிகாரி வருவார், அளந்தபோது சங்கிலி பிடித்தவர் அன்று அந்த இடத்தில் இருந்து சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும் என்று பதில் வந்தது. அதே தபாலில் தோராவின் கடிதமும் வந்தது. அப்பா காலமாகிவிட்டார். கப்பலுக்குச் சீட்டு வாங்கியாயிற்று. செப்டம்பர் பதினாறாம் தேதி கார்வின் ஸ்டேஷனில் வந்து இறங்குவாள்.

கார்வின் எழுபது மைல். குதிரையில் ஒன்றரை நாள், வண்டியில் இரண்டரை நாள். இடையில் ஓர் ஆறு, அதைக் கடக்க ஒரே ஒரு ஓடம்.

இரண்டு கடிதங்களும் பிரிக்கப்பட்டு, மறுபடி ஒட்டப்பட்டிருந்ததை ஹால்வர் கவனித்தான். தபால் வருவது மேஜர் நடத்திய கடைக்கு. அன்றைக்கே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கரி இருந்த இடத்தின் மேல் அடித்தான். ஒரு பாய், ஒரு காபிக் கெட்டில், அவனுக்குச் சரியாகச் சுடத் தெரியாத ஒரு ரைஃபிள். இரவில் குடும்பத்துக்கு ஒருவராக வந்து கூட இருந்தார்கள். பகலில் அவன்தான். தோராவை அழைத்து வர ஆப்னர் வண்டி கட்டினார்.

“எப்படிய்யா அடையாளம் கண்டுபிடிப்பேன்?”

“உயரமா இருப்பா. நடக்கும்போது தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்குவா.” கொஞ்சம் யோசித்தான். “இப்பவும் அப்படியான்னு தெரியல.”

பதினாறாம் தேதி முழுவதும் கூடார வாசலில் உட்கார்ந்து ரயில் வரும் நேரத்தை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். இப்போது இறங்கியிருப்பாள். இப்போது பெட்டியை ஒருவன் தூக்கிக் கொடுத்திருப்பான். இப்போது ஆப்னர் தொப்பியைக் கழற்றியிருப்பார்.

மறுநாள் மேஜரே வந்தார். தனியாக, துப்பாக்கி இல்லாமல்.

“காபி இருக்கா தம்பி?” என்று கேட்டபடியே இறங்கிப் பாயின்மேல் உட்கார்ந்தார். ஹால்வர் ஊற்றிக் கொடுத்தான். ஒரு வாய் குடித்துவிட்டு, “உன் ஆளு ஆத்தைத் தாண்டியிருக்க மாட்டான். ஓடக்காரன் நம்ம பையன்” என்றார்.

ஹால்வர் தன் கோப்பையிலும் ஊற்றிக்கொண்டான்.

“பாவம், அந்தப் பொண்ணு நேத்தே வந்து இறங்கியிருக்கும். பாஷை தெரியாத ஊரு. எதுக்கு இந்தப் பாடு? என் ஸ்பிரிங் வண்டியை எடுத்துக்கோ. நாலு குதிரை. நாளை சாயங்காலம் ஸ்டேஷன்ல நிக்கலாம். கூட்டிக்கிட்டு வா, கல்யாணத்துக்குக் கிடா நான் வெட்டுறேன்.”

“அப்ப இந்தக் குழி?”

“எந்தக் குழி?” என்றார் மேஜர்.

பிற்காலத்தில் ஹால்வர் இதைப் பெக்கிடம் மட்டும் சொன்னான்: அந்த நிமிஷம் அவன் கால்கள் ஏற்கெனவே எழுந்துவிட்டன. மனசு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, கால் எழுந்துவிட்டது. எழுந்து நின்றவன் கண்ணில் ஊற்றங்கரை பட்டது. பெக்கின் பெண்கள் மூவரும் அடுத்த நாளைக்குத் துணி ஊறவைக்கத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள்; கடைக்குட்டி பாதி வாளியைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தாள். கள்ளி மேட்டில் இவர்களுக்கு வாளி எதற்கு?

எழுந்து நின்றதற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று கெட்டிலை எடுத்து வைத்தான். “காபி ஆறுது மேஜர். குடிச்சிட்டுக் கிளம்புங்க.”

“கல்லு மனசுய்யா உனக்கு” என்றார் மேஜர், உண்மையாகவே வியந்து.

பத்தொன்பதாம் தேதி ஆப்னர் நடந்தே திரும்பி வந்தார். ஓடத்துறையில் வண்டியைப் பறித்து, பூட்ஸையும் கழற்றிக்கொண்டு விரட்டியிருந்தார்கள். பாதம் இரண்டிலும் தோல் பிய்ந்து தொங்கியது. வலியைவிட வெட்கம் அவருக்கு. “உன் பொண்டாட்டியைக் கூட்டியாரத் துப்பில்லாதவனாப் போயிட்டேன்” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

பெக் துப்பாக்கியோடு கூடாரத்துக்கு வந்தாள். “நீ போய்யா. கரடு வழியாப் போய் ஆத்துக்கு மேல்பக்கம் ஆழமில்லாத இடத்துல எறங்கித் தாண்டிரு. மூணு நாள்ல திரும்பிரலாம். இங்க நான் உக்காந்துக்கிறேன்.”

“அதிகாரி வந்துட்டா?”

“வந்தா சமைச்சுப் போட்டு உக்கார வைக்கிறேன். போன்னா போ!”

போனான். சவரம்கூடச் செய்துகொள்ளாமல், குதிரை மேல் ஏறி, ஒரு மைல் தாண்டிக் குன்று உச்சிக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தான். தெற்கிலிருந்து ஐந்து சவாரிக்காரர்கள் கூடாரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். சேணத்தில் மண்வெட்டிகள் வெயிலில் மின்னின. அவன் கிளம்புவதற்காகவே எங்கோ காத்திருந்திருக்கிறார்கள்.

குன்றுக்கு அந்தப் பக்கம் கார்வின் பாதை. இந்தப் பக்கம் பெக். எவ்வளவு நேரம் அங்கே நின்றான் என்பது அவனுக்கே தெரியாது. ரொம்ப நேரம் என்று அவன் நினைத்தான். ஐந்து பேருக்கு முன்னால் அவன் கூடாரத்துக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்தால் அப்படி இருக்க வழியில்லை.

கூடார வாசலில் பெக் ஒரு பக்கம், ஹால்வர் ஒரு பக்கம். வந்தவர்களில் முன்னால் நின்றவன் மேஜரின் மேஸ்திரி, ஸ்லோகம் என்பவன்.

“தள்ளு அக்கா. பொம்பளை மேல கை வைக்கிற பழக்கம் எனக்கில்ல.”

“எனக்கு ஆம்பளையைச் சுடுற பழக்கம் இருக்கு” என்றாள் பெக்.

அதற்குள் மற்ற வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். கையில் கிடைத்ததோடு வந்தார்கள்: துப்பாக்கி, கவைக்கோல், ஒருத்தி ரொட்டி தேய்க்கும் உருளை. ஆப்னர் வெறும் துணி சுற்றிய காலோடு தவழாத குறையாக வந்து கூடாரத்துக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துகொண்டார். பதினான்கு பேரைச் சுட்டுவிட்டு அரசாங்க அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்று ஸ்லோகம் கணக்குப் போட்டிருக்க வேண்டும். குதிரையைத் திருப்பினான். திரும்பும்போது ஹால்வரைப் பார்த்து, “நான் கார்வினுக்குத்தான் போறேன். அந்தப் பொண்ணுகிட்ட ஏதாவது சொல்லணுமா?” என்றான்.

அதிகாரி இருபத்திரண்டாம் தேதி மாலை, தெற்குப் பாதையில் வந்தார். மறுநாள் காலை கூடாரத்தைப் பிரித்து, இரண்டு சாட்சிகள் முன்னால் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் கரி வந்தது, ஒரு படி, குவியல் கலையாமல். அதிகாரி கை கறுக்கக் கறுக்க அதை அள்ளிப் பார்த்து, பழைய அளவைக் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்தார். ஹால்வர் பைபிளின் மேல் கை வைத்துச் சாட்சி சொன்னான். சொல்லி முடித்த வாயோடு குதிரையில் ஏறினான். ஊரே கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது அவன் அங்கே இல்லை.

கார்வின் வந்து சேர்ந்தது இருபத்தைந்தாம் தேதி காலை. ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த தங்கும் விடுதிக்காரியிடம் கேட்டான்.

“உயரமா, தலையை இப்படிச் சாய்ச்சுக்கிட்டு? ஆமா இருந்துச்சு. எட்டு நாளு. காலைல போயி அந்த ஸ்டேஷன் பெஞ்சுல உக்காரும், இருட்டினா வரும். நேத்து சாயங்கால வண்டிக்கு மேக்க போயிருச்சே.”

“நேத்தா?”

“மாட்டுக்காரன் ஒருத்தன் வந்து என்னமோ சொன்னான். அந்த நார்வேக்காரன் ஒரு அயர்லாந்து விதவையோட குடித்தனம் நடத்துறான், மூணு புள்ளைங்க, ஒரே கூடாரத்துல இருக்காங்க, நானே பாத்தேன்னான். நான் நம்பல தம்பி. அந்தப் பொண்ணும் மூணு நாளு நம்பல.”

ஹால்வர் அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான். மேற்கே போகும் அடுத்த வண்டியில் ஏறி ஹெலெனா வரை தேடினான். அந்தக் குளிர்காலமும் அடுத்ததும், மாடுகளைப் பெக்கின் பொறுப்பில் விட்டுவிட்டு, நார்வேக்காரர்கள் இருக்கிற ஒவ்வொரு ஊராக இறங்கி விசாரித்தான். 1886-ல் அவளிடமிருந்தே கடிதம் வந்தது, பசிபிக் கரையில் அஸ்டோரியாவிலிருந்து. சால்மன் மீன் டப்பாக்களில் அடைக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாளாம். போன வருஷம் அவர்கள் ஊர்ப் பக்கத்து மீனவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாளாம். கொம்போடை வழக்கைப் பற்றிப் பழைய பத்திரிகை ஒன்றில் இப்போதுதான் படித்தாளாம். “நீ செய்தது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இன்னும் ஒரு நாள் ஏன் உட்காரவில்லை என்று என்னைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.”

மேஜரின் கம்பி வேலிகளை அரசாங்கம் பிடுங்கச் சொன்னது. ஒரு கடுங்குளிரில் மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தபின் அவர் கிழக்கே போய்விட்டார். ஆறு குடும்பங்களும் நிலைத்தன, பதினாறாயின. ஹால்வரைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி அலுத்துப்போனார்கள். ஒருமுறை பெக்கே வாய்விட்டுக் கேட்டாள். “அவன்தான் சொல்லிட்டானே, குடித்தனம் நடத்துறோம்னு. நடத்தித்தான் பாத்தா என்னய்யா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஹால்வர் தரையைப் பார்த்து, “பெக் அக்கா, நான் இன்னும் அந்த பெஞ்சுலேருந்து எந்திரிக்கல” என்றான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவனுக்கு அனுப்பும் ஞாயிற்றுக்கிழமை ரொட்டியை நிறுத்தவும் இல்லை.

1911-ல், கணவர் இறந்து ஒரு வருஷம் கழித்து, தோரா வந்தாள். கடிதம் போட்டுவிட்டுத்தான் வந்தாள். ஹால்வர் ஒரு நாள் முன்னதாகவே கார்வினில் போய் நின்றான். இறங்கியவள் தலை நரைத்து, உடம்பு கனத்திருந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் நடந்து வந்தாள்.

“கிழவனாயிட்ட” என்றாள், நார்வே மொழியில்.

இவன் பதில் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாள். “என்ன இது, மாடு மாதிரி பேசுற?”

“மாடுங்ககிட்டதானே பேசினேன்.”

நான்கு நாள் பெக்கின் வீட்டில் தங்கினாள். இரண்டு பெண்களும் சமையலறையில் என்ன பேசினார்களோ தெரியாது. வெளியே வந்தபோது கைகோத்திருந்தார்கள். ஊற்றைப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டாள். மறுபடி நட்ட கல்லின் பக்கத்தில் நின்றாள்.

“இதுக்குத்தானா?”

“இதுக்குத்தான்.”

குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் ஒரு கை அள்ளினாள்.

அவளால் அங்கே தங்க முடியாது. பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் கடற்கரையில் இருந்தார்கள். நீ வாயேன் என்று அழைத்தாள். கன்று போடும் காலம் முடியட்டும் என்றான். அடுத்த கோடையில் போகவும் செய்தான். முப்பத்தாறு வருஷம் ஏங்கின கடல் வாசலிலேயே கிடந்தது. ஆனால் அலைச் சத்தத்தில் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பதினோரு நாள் இருந்தான். பன்னிரண்டாம் நாள் காலையில் தோரா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “புல்லு ஞாபகம் வந்துருச்சா?” என்றாள். ஆமாம் என்று சொல்ல அவனுக்கு வெட்கமாயிருந்தது. அவளே பெட்டியைக் கட்டிக்கொடுத்தாள்.

அதற்குப்பின் அவர்கள் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. மாதம் ஒரு கடிதம், ஒன்பது வருஷம். அவள் படகுகள் எப்போது திரும்பின என்று எழுதுவாள். அவன் மழை வந்ததா இல்லையா என்று எழுதுவான்.